பொட்டு வைத்த சென்சார்

யாராவது உள்ளே நுழைந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்ப, வாசலுக்கு மேலே புதிதாக மாட்டிய வைஃபை சென்சாருக்கு ஒரே பயம்தான். ரவுட்டரோடு இணையாவிட்டால் மறுபடி அட்டைப்பெட்டிக்குள் போக வேண்டும். ஒருவழியாக இணைந்து, பச்சை விளக்கும் எரிந்தது. புதுப் பொருளாயிற்றே என்று வீட்டுக்காரம்மா சந்தனம் குழைத்து, அதன் கண்ணிலேயே பொட்டு வைத்துவிட்டாள். உலகமே இருண்டது.

"என்னப்பா, ஏதாவது தெரியுதா?" என்றது சுவரிலிருந்த பல்லி.

"ஒண்ணுமே தெரியல."

"அதை அம்மாகிட்ட சொல்லித் தொலையேன்!"

"சொன்னா கழட்டிடுவாங்களே, அண்ணே!"

அப்போது பூனை உள்ளே நுழைந்து பால் பாத்திரத்தைக் கடகடவென உருட்டும் சத்தம் கேட்டது. இரண்டு மொழிகளில் எச்சரிக்கப் படித்திருந்தும், சென்சாருக்கு ஒன்றிலும் வாய் வரவில்லை. "எல்லாம் அமைதி" என்று செய்தி அனுப்பியது.

கடைக்குப் போயிருந்த வீட்டுக்காரம்மா கைபேசியைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கணவரிடம் சொன்னாள். "எவ்வளவு சமத்தா இருக்கு பாருங்க! கொல்லைப்பக்கத்துக்கும் இன்னொண்ணு வாங்கிடலாம்."

பல்லி திரும்பிப் பார்த்தது. சென்சார் கூச்சத்தோடு பச்சையாக மினுங்கியது.