சத்தம் மட்டும்

"சத்தம் மட்டும்தான் ஏறணும், அண்ணே. வேற ஒண்ணும் மாறக் கூடாது."

மெக்கானிக் சால்டரிங் அயர்னை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மேசையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் வயிறு திறந்து கிடந்தது.

"கிட்டாருக்குப் பெடல் கேக்கறவங்க எல்லாம் உறுமணும், கதறணும்னு கேப்பாங்க. நீ என்னம்மா, ஒண்ணுமே மாறக் கூடாதுங்கறே?"

"உறுமறதெல்லாம் வேண்டாம். காலால மிதிச்சா, நான் வாசிக்கறதே கொஞ்சம் பெருசாக் கேக்கணும். அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். மூன்று வருடமாக அவள் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். ஒரே ஒரு பாட்டில், சரணத்துக்கு முன்னால், அவளுக்கென்று தனியாக ஒரு பிட் உண்டு. மொத்தம் பதினாறு விநாடி. அந்தப் பதினாறு விநாடி வரும்போதெல்லாம் சவுண்ட்காரர் மிக்ஸரில் அவளுடைய சத்தத்தைக் கீழே இழுத்துவிடுகிறார். கையை எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் முன்வரிசைக்குக்கூடப் போய்ச் சேர்வதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் கேட்காவிட்டால் பிட்டை சாக்ஸபோன்காரருக்குக் கொடுத்துவிடப் போவதாகக் குழுவை நடத்தும் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"சவுண்ட்காரர்கிட்ட சொல்லிப் பாக்கறதுதானே?"

"சொல்லாத நாள் கிடையாது. 'பேலன்ஸ்'னு ஒரே வார்த்தையில வாயை அடைச்சிடுவார்."

"சண்டை போடு."

"அது தினமும் நடக்குது."

"அப்ப ஆளை மாத்துங்க."

"அது அவ்வளவு லேசில்லை, அண்ணே."

"ஓ, பெரிய இடமா?"

"அப்படித்தான் அவருக்கு நினைப்பு."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன தகர டப்பாவை எடுத்துத் துளை போட ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் பெடல் தயார். அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு வாசித்தாள். அவர் கையால் அமுக்கினார்.

"சத்தம் ஏறுது. ஆனா மேல் தந்தி காதுல குத்துது."

"எனக்கு ஒண்ணும் குத்தலையே!"

"எனக்குக் குத்துது."

வியாழக்கிழமை இன்னொரு முறை.

"குத்தறது போச்சு. ஆனா அடித்தந்திக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அம்மா தாயே, என் சமையலுக்குக்கூட என் வீட்டுக்காரி இவ்வளவு குத்தம் சொன்னதில்லை!"

"அவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. பிரிங்க, அண்ணே. மறுபடி பாக்கலாம்."

சனிக்கிழமை அவள் வாசித்தாள். அவர் அமுக்கினார், எடுத்தார், அமுக்கினார். அவள் திரும்பவே இல்லை.

"என்னம்மா, இப்ப எப்படிக் கேக்குது?"

"நான்தான்" என்றாள். "நானேதான். கொஞ்சம் கிட்ட வந்து நிக்கிற மாதிரி."

ஞாயிறு பிற்பகல். மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்புவதற்கு முன்பே ஒலிச் சோதனை முடிந்தது. பெடல் ஸ்பீக்கர் பெட்டியின் மறைவில் இருந்தது. சோதனையின்போது அவள் அதன் பக்கம் காலையே கொண்டுபோகவில்லை.

மண்டபத்தின் கடைசியிலிருந்து சவுண்ட்காரர் மைக்கில் சொன்னார்: "மேடம், கிட்டாருக்கு இதுதான் லெவல். அப்புறம் நீங்களா ஏத்தாதீங்க."

"சரிங்க, சார்."

சாக்ஸபோன்காரர் வாத்தியத்தைத் துடைத்தபடி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பிட்டை அவர் மனப்பாடம் செய்துவிட்டதாகக் கேள்வி.

நான்காவது பாட்டு. பல்லவி முடிந்தது. தபேலா ஒரு சுற்று சுற்றி நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

முதல் ஸ்வரமே மண்டபத்தின் பின்சுவர் வரை போனது. முன்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவள் தந்திகளைப் பார்க்கவில்லை; சவுண்ட்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மிக்ஸரை நோக்கிப் போனது. இறக்கப் போகிறார். இறக்கட்டும், இன்னும் அழுத்தி வாசிப்பேன் என்று அவள் விரல்களை இறுக்கினாள்.

கை பாதியில் நின்றது. பிறகு சவுண்ட்காரர் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கியவர் தூக்கியபடியே இருந்தார். பதினாறு விநாடியும் அப்படியே. மேடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாக்ஸபோன்காரர் எழுந்தே பார்த்தார்.

கைத்தட்டல் அடங்கியதும் மாஸ்டர் அவள் பக்கம் குனிந்தார். "பிட் உன்னோடதுதான். இனிமே யார் கேட்டாலும் கிடையாது."

இடைவேளை விட்டதும் அவள் நேராக மிக்ஸருக்குப் போனாள். மூன்று வருடக் கோபமும் கூடவே போயிற்று.

"எதுக்கு சார் கையைத் தூக்கினீங்க? சரண்டரா?"

"இல்லை. சாட்சிக்கு. ஏத்தினது நான் இல்லைன்னு எல்லாரும் பாக்கணுமில்ல?"

"என் சத்தத்தை நீங்க ஏத்தினா என்ன குடி முழுகிடும்? மூணு வருஷமா ஏன் இறக்கினீங்க? பேலன்ஸ்னு சொல்லாம வேற காரணம் சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. 'மேடம்' போடுவதை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நீ குழுவுல சேர்ந்த அன்னிக்கே சாக்ஸபோன்காரர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, 'இனிமே நம்ம சத்தமெல்லாம் எங்க கேக்கப் போகுது, சவுண்ட்காரன் பொண்டாட்டி கிட்டார் மட்டும்தான் கேக்கும்'னு. அன்னிக்கு இறக்கின கை, ஏத்த வரல."