இடப்பக்கம் ஒரு சுற்று

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அந்த மரம் அறுக்கும் மெஷின் தயாளனின் பட்டறைக்குத் திரும்பி வந்தது.

"காலைல நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சுண்ணே. பதினோரு மணிக்கு மேல புகையா கக்கிட்டுப் படுத்துக்கிச்சு" என்றபடி சவுரிமுத்து அதை மேசைமேல் வைத்தான். மரம் வெட்டும் ஜீவானந்தத்துக்குக் கயிறு பிடிப்பவன் அவன். பொத்தேரியில் ஒரு விடுதி வளாகத்தில் வேலை. அங்கிருந்து தாம்பரத்துக்கு வண்டியிலேயே கொண்டு வந்திருந்தான்.

தயாளனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. முடிச்சூர் சாலையில் பதினாறு வருஷப் பட்டறை. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே டியூன் செய்துவிடுவார் என்று எடுத்த பெயர். போதாக்குறைக்கு, மழைக்காலத்துக்கு முன் தம்முடைய பதினெட்டு மெஷின்களையும் இங்கேயே சர்வீசுக்கு விடலாமா என்று பொத்தேரி வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். ஜீவானந்தம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளோ அச்சில் ஏற்ற முடியாதவை.

"என்னங்க, உங்க கைராசி வண்டலூரைத் தாண்டினா வேலை செய்யாது போலிருக்கே?" சாப்பாட்டுக் கேரியரை வைத்த பியூலா, கணவரைச் சீண்டினாள்.

தயாளன் மெஷினின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

போன தடவையே அவருக்குச் சந்தேகம். அதனால் கார்புரேட்டர் ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை, பியூலாவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து அனுப்பியிருந்தார். ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடையும்.

கோடு உடைந்திருந்தது.

"யாரோ திருகியிருக்காங்க பியூலா."

"அப்ப இது உங்களுக்குப் போட்டியா நிக்கிற அந்தப் பல்லாவரம் கடைக்காரன் வேலைதான். உங்க பேரைக் கெடுக்க ஆள் வச்சிருக்கான். நேரா போய்ச் சட்டையைப் பிடிங்க."

"இரு, இரு. இதுலதான் எனக்கு ஒண்ணும் புரியல." தயாளன் தலையைச் சொறிந்தார். "வலப்பக்கம் திருகியிருந்தா பெட்ரோல் போறது குறைஞ்சு, எஞ்சினே கருகியிருக்கும். கெடுக்கணும்னு நினைக்கிறவன் அதைத்தான் செய்வான். இது இடப்பக்கம், அளவா ஒரே ஒரு சுற்று. பெட்ரோல் அதிகமாகி மெஷின் மூச்சு முட்டி நிக்கும், அவ்வளவுதான். ஒரு சேதமும் கிடையாது. மெஷினைக் கண்ணுல வச்சுக் காப்பாத்துறவன் மாதிரியில்ல திருகியிருக்கான்!"

"கெடுக்கிறவன் எதுக்குங்க காப்பாத்தணும்?"

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

சவுரிமுத்து வாசலில் போகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சவுரி, அங்க மெஷினுக்குப் பெட்ரோல் ஊத்துறது யாரு?"

"நான்தாண்ணே."

"வேற யாராவது தொடுவாங்களா?"

"ஜீவாண்ணனும் நானும்தான். வேற எவனையும் தொட வுடமாட்டாரு."

சொல்லி முடித்த பிறகுதான், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்தான்.

பியூலாவுக்கு வந்ததே கோபம்! "அட துரோகி! எத்தனை நாள் இந்தப் பட்டறையில எங்க வூட்டுச் சோத்தைச் சாப்பிட்டிருப்பே?"

"அக்கா, திட்டு. வேணும்னா செருப்பால கூட அடி. ஆனா ஜீவாண்ணன் கையைப் பாத்துட்டு அடி." அவன் குரல் இறங்கியது. "மூணு மணி நேரம் மெஷினைப் புடிச்சார்னா விரல்லாம் வெளுத்துப் பூடுது. சிகரெட்டு நெருப்பு பட்டுச்சு, அவருக்குத் தெரியவேயில்ல. அந்தக் கையோட மறுபடியும் மெஷினைத் தூக்குறாரு. நழுவுச்சுன்னா தொடையோட போயிடும்."

"அதிர்வு தாங்குற ரப்பரைப் போன மாசம்தானே மாத்தினேன்?" என்றார் தயாளன்.

"ரப்பர் புச்சுண்ணே, கை பழசு. டாக்டர்கிட்ட இட்டுகினு போனேன். நடுவுல ரெண்டு மணி நேரம் வுட்டுட்டுப் புடிக்கணும்னாரு. இவரு கேட்டாத்தானே? கையில கோளாறுன்னு காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா வேலையை வுட்டுத் தூக்கிடுவாராம். எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. நான் இன்னா பண்ணுவேன்? மெஷின் நின்னாத்தான் அந்த மனுஷன் நிக்கிறாரு."

தயாளன் உடைந்த சிவப்புக் கோட்டை விரலால் தடவினார்.

"பேர் போனது என்னோடது, சவுரி."

"தெரியும்ண்ணே. ஒவ்வொரு தபா ஸ்க்ரூவைத் திருகும்போதும் உன்னைத்தான் நெனச்சுக்கினேன்."

தயாளன் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வலப்பக்கம் ஒரு சுற்று. கயிற்றை ஒரே இழுப்பு. மெஷின் உறுமி எழுந்து, பிறகு சீராக முனகியது. விசையை அழுத்தாதவரை அறுக்கும் சங்கிலி இம்மியும் அசையவில்லை. இதைவிட ஒழுங்காக எந்தக் கையும் அதை டியூன் செய்துவிட முடியாது.

அப்போது கைபேசி அடித்தது. ஜீவானந்தம்.

தயாளன் மெஷினை அணைத்துவிட்டு எடுத்தார்.

"தயாளா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். காண்ட்ராக்டர் சார் பக்கத்துலயே நிக்கிறாரு. பதினெட்டு மெஷினை உன்னை நம்பிக் கொடுக்கலாமானு கேக்குறாரு. நீயே சொல்லு, கோளாறு மெஷின்லயா, உன் டியூனிங்லயா?"

பியூலா கணவரின் முகத்தையே பார்த்தாள். சவுரிமுத்து இரு கைகளையும் கூப்பினான்.

"மெஷின் மேல தப்பே இல்ல சார், என் டியூனிங்தான் சரியில்ல" என்றார் தயாளன். "முழுசா பிரிச்சுப் போட்டுட்டேன், இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் ஜீவாவைச் சும்மா உக்காரச் சொல்லுங்க."