கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

“அண்ணே, வர்ற மாசத்தோட என் நாற்காலி காலி. துரை சொல்லிட்டாரு. சம்பளக் கணக்கு, லெட்டர் எல்லாத்தையும் இனிமே ஏஐயே பாத்துக்குமாம்.”

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஹரிதாஸ் இப்படிச் சொன்னதும் முகம்மது கனிக்கு உள்ளுக்குள் குஷி. பிரிஞ்சாங் மலை டவுனில் அவர் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, அறிவுரை வாங்காமல் டீயை மட்டும் குடித்துவிட்டுத் தப்பித்தவர்கள் குறைவு.

“வேலை போனா குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்ணே. ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவேன்?”

“பதறாத லா. கம்ப்யூட்டரால முடியாத தொழிலாப் பாத்துப் போ.”

“அப்படி ஒண்ணு இருக்கா? உங்க கடையையே நாளைக்கு அது நடத்திடும்.”

கனிக்குச் சுருக்கென்றது. கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“என் கடையையா? கோலா தெர்லா ஊரு காய்கறி லோரிக்காரன் விடியக்காலையில பசியோட வருவான். கேக்காமலே குழம்பு ஒரு கரண்டி கூட ஊத்தணும். அப்பதான் மறுநாள் நாலு பேரைக் கூட்டிட்டு வருவான். உன் ஏஐக்கு இது தெரியுமா?”

“அது சரிண்ணே. டீயை மெஷின் கலக்காதா?”

“கலக்கும். ரெண்டு வகைத் தூளைச் சேத்து, ஒரு சிட்டிகை உப்பும் போடணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?”

சொன்ன பிறகுதான் குரலைத் தாழ்த்தினார்.

ஹரிதாஸ் நம்பாதவன் போல உதட்டைப் பிதுக்கினான். “ரொட்டி வீசவே ரோபோ வந்துடுச்சாம்.”

“நம்ம ரொட்டி மாஸ்டர் யாசீன் கை அதுக்கு வருமா? டவுன்ல பாதி பேரு அவன் ரொட்டிக்குத்தான் இங்க வர்றான். அவனுக்குக் காசு பெரிசில்ல தம்பி. பொண்டாட்டி ஈப்போல வேலை செய்யுது. அதுக்குச் செவ்வாக்கிழமைதான் லீவு. அன்னைக்கு இவனுக்கும் லீவு வேணும், அவ்வளவுதான். மனுசன் மனசு! கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா இத?”

“லீவு குடுக்குறீங்களா?”

“குடுத்தா கடை என்னாவுறது? அடுத்த வருசம் பாக்கலாம்னு வருசா வருசம் சொல்லிட்டிருக்கேன்.”

ஹரிதாஸ் யோசித்தான். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான்.

“சரியாச் சொன்னீங்கண்ணே. இதெல்லாம் மெஷினுக்கு வராது.”

“அதான் சொல்றேன். பொழச்சுக்குவே, போ!” முதுகில் தட்டி அனுப்பினார் கனி. அன்று முழுக்க, ஒரு குடும்பத்துக்கே வழிகாட்டிவிட்டதாக வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒருநாள் காலை கனி கடைக்கு வந்தபோது, எதிரே வெகுநாள் பூட்டிக் கிடந்த கடை திறந்திருந்தது. வாசலில் புதுப் பலகை: ‘செவ்வாய்க்கிழமை விடுமுறை.’

கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வாரத்துல ஒரு நாள் கடையைப் பூட்டுறவன் உருப்படுவானா லா? எவனோ தொழில் தெரியாதவன். யாசீன், இங்க வந்து இந்தக் கூத்தப் பாரு!”

“பாத்துட்டேன் முதலாளி!” என்ற பதில் எதிர்க்கடையிலிருந்து வந்தது; ரொட்டியை வீசிக்கொண்டிருந்த யாசீனுக்குப் பின்னால், கல்லாவில் உட்கார்ந்திருந்த ஹரிதாஸ் எழுந்து நின்று கும்பிடு போட்டான்.