‘செட்’டுக்குப் பத்து அர்த்தம்

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. காது நல்லாக் கேக்கும். இன்னைக்கு ஒரு வார்த்தை பேசிட்டாங்கன்னா பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் நர்ஸ் அனுப்பிரியா.

சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூம் வெடித்து இரண்டு பெண்கள் சிக்கினார்கள். ஒருத்தி அங்கேயே போய்விட்டாள். இன்னொருத்தி இந்தக் கட்டிலில். தொண்டைக் குழாயை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். முகம், கை எல்லாம் கட்டு. நடுவே வெடித்த உதடுகள் மட்டும் தெரிந்தன.

கட்டிலருகே நின்ற ஆண்டிச்சாமிக்கு வந்தது சோதனை. ஆமத்தூரில் கொத்தனார். கலவை கேட்பதற்கு மட்டும் வாயைத் திறக்கிற மனிதன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பேச்சு முழுவதும் மனைவி ரோஜாவின் பொறுப்பு. இப்போது அவன் பேச வேண்டும்.

பிறகு மகள் ஞாபகம் வந்தது.

"ஏ புள்ள ரோசா, நம்ம இசைவாணிக்கு இங்கிலீசு டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்திருக்காக. ‘செட்’டுங்கிற ஒரே வார்த்தைக்குப் பத்து அர்த்தம் எழுதணுமாம். நானும் அவளும் உக்காந்து யோசிச்சோம். பம்பு செட்டு, மைக் செட்டு, கோயில் கொடைக்குக் கட்டுற சீரியல் லைட்டு செட்டு. சிமெண்டு செட் ஆகுறது. அது நான் சொன்னது."

அனுப்பிரியா பாட்டிலை மாற்றிக்கொண்டே, "ட்ரிப்ஸ் செட்டையும் சேத்துக்கோங்க" என்றாள்.

"கேட்டியா, நர்சம்மா ஒண்ணு குடுத்துட்டாக. அப்புறம் செட்டு தோசை. இந்தப் பயலுக்கும் எம் மகளுக்கும் செட் ஆகாதுன்னு உங்க அய்யா சொன்னாருல்ல, அதையும் எழுதச் சொல்லிட்டேன்." அவனே சிரித்துக்கொண்டான்.

"அலாரம் செட் பண்றது ஒண்ணு. கம்பெனி வேனுக்காக நீ வச்ச அலாரம் இன்னும் விடியக்காலம் அடிக்குது புள்ள. நிறுத்த எனக்கு மனசு வரல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் செட்டுச் சேலை. நீயும் யோகலட்சுமியும் இருக்கன்குடி கோயிலுக்குன்னு விருதுநகர்ல ஒரே மாதிரி எடுத்தீகளே. கம்பெனியில பூசைன்னு அன்னைக்கும் அதையே கட்டிட்டுப் போனீக. போலீஸ்காரரு, உன்னைய எப்படி அடையாளம் கண்டன்னு கேக்காரு. எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதான்னு சத்தம் போட்டுட்டேன்ல!"

உதடுகள் லேசாக நடுங்கின. வலிக்கிறது போல என்று பயந்து, நர்ஸைத் தேடி வராந்தாவுக்கு ஓடினான்.

"நல்லதுதான், பேசப் பாக்குறாங்க" என்ற அனுப்பிரியா குரலைத் தாழ்த்தினாள். "கூட வேலை பாத்தவங்க செத்ததச் சொல்லிட்டீங்களா?"

"எப்படிம்மா சொல்ல? ரெண்டும் உசுருக்கு உசுரு. யோகலட்சுமிக்குத் தாய் தகப்பன் இல்ல, கட்டுனவன் எங்கன இருக்கான்னே தெரியாது. உடம்ப வாங்க ஆளில்ல. நான்தான் கூடப்பொறந்தவனா நின்னு கொள்ளி வச்சேன். எம் மக வாரேன்னு அழுதா. பயந்துக்குவாளேன்னு வீட்டுலயே விட்டுட்டேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எனக்கு அழுகைகூட வரலம்மா. நம்ம வீட்டுக்காரி உசுரோட இருக்காளேன்னு உள்ளுக்குள்ள சந்தோசம்தான் இருந்துச்சு. தீப் பத்துனதும் திரும்பிக்கூடப் பாக்காம பஸ் ஏறிட்டேன்."

சொல்லிவிட்டு, அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டான். உள்ளே வந்து கட்டிலோரம் குனிந்தான்.

"ஒம்போது ஆச்சு புள்ள. பத்தாவது நீ சொல்லேன். சரி, அதுகூட வேணாம். ஒரேயொருவாட்டி ‘மாமா’ன்னு கூப்பிடு. உங்கம்மா பேசிட்டான்னு இசைவாணிகிட்டப் போயிச் சொல்லணும்."

உதடுகள் பிரிந்தன. ஆண்டிச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"அண்ணே..." என்றது அந்தக் கரகரத்த குரல். "ரோசா எங்கண்ணே?"