ஜிப்பிக்கு ஒரு வேலை

கடை நாய் ஜிப்பி ஏன் ஹனீஃபாவை மட்டும் முட்டுகிறது என்பது தங்கபுஷ்பத்துக்குப் பிடிபடவில்லை.

தி.நகர் ஜவுளிக்கடையின் பின்வாசல். டீ நேரம். லிஃப்ட் ஓட்டும் ஹனீஃபா ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். காவலாளி வெள்ளைச்சாமி பக்கத்திலேயே நின்றிருந்தார். நாய் அவரைச் சீண்டவில்லை. ஹனீஃபாவின் இடுப்பில் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டேயிருந்தது.

"இன்னாக்கா, என்னியே முட்டிக்கினு கீது? நா இன்னா அதும் மாமனா?"

டீயைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்தான். நாய் உடனே விட்டுவிட்டது.

தங்கபுஷ்பம் அவனை மறுபடி உட்காரச் சொன்னாள். முட்டியது. நிற்கச் சொன்னாள். விட்டது. வெள்ளைச்சாமியைக் கெஞ்சி உட்காரவைத்தாள். அவரையும் முட்டியது.

ஜிப்பி ஆட்டு மந்தை மேய்க்கும் வெளிநாட்டு இனம். மந்தையில் ஓர் ஆடு படுத்துவிட்டால் எழுப்பி நடக்கவைக்கும்வரை அதற்கு இருப்புக்கொள்ளாது.

முதலாளி ஜவஹரின் மகன் அஸ்வின் ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் படிக்கக் கனடா போய்விட்டான். வீட்டில் சோபாவைக் கிழித்ததால் கடைக்கு வந்தது. காவலுக்குப் போட்டார்கள், வந்தவர் முகத்தையெல்லாம் நக்கியது. எலி பிடிக்க விட்டார்கள். ஒரு கட்டுப் பட்டு நாரானது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்து கொண்டுபோவதாக ஏற்பாடு. அங்கே இரண்டடிச் சங்கிலி.

அதை நினைத்துத் தங்கபுஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாத்தான்குளத்திலிருந்து வந்து பதினொரு வருடம் ஆகிறது. புடவைப் பிரிவில் மூத்தவள். ஹாஸ்டலுக்கும் கடைக்கும் நடுவே அவள் தொட்டுக் கொஞ்ச இருந்த ஒரே உயிர் அது.

நாயைக் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். எதிரே நாற்காலி இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து காட்டினாள்.

முதலில் தலையைத் தாழ்த்தும், அப்புறம் பின்பக்கமாகச் சுற்றி வரும், குரைக்காது, கடிக்காது, ஆள் எழுந்ததும் நிறுத்திவிடும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். குடோனில் தூங்கிவிடுகிற இரவுக் காவலாளியை எழுப்ப இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்றாள்.

ஜவஹர் அவளை மூன்று தடவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, இதற்கு அலுக்காதா என்று கேட்டார்.

"காலைலருந்து ராத்திரி வரைக்கும் விட்டாலும் அலுக்காது அண்ணாச்சி."

பெருமையாகத்தான் சொன்னாள். அவள் எதிரிலேயே அவர் பண்ணைக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார். அன்றைக்கு ஜிப்பிக்கு அவள் காசில் இரண்டு பன்.

திங்கட்கிழமை ஜிப்பி வேலைக்கு வந்தது. குடோனுக்கு அல்ல, புடவைப் பிரிவுக்கு. விற்பனைப் பெண்களின் சேலை நிறத்திலேயே அதற்கும் ஒரு மெரூன் சட்டை.

கவுண்டருக்கும் அலமாரிக்கும் நடுவே மூன்றடி அகலச் சந்து. இரண்டு முனையிலும் சின்னக் கதவு. வாங்க வந்தவர்கள் உட்காரும் பக்கம் நாய் போக வழியில்லை. சந்துக்குள் இருபத்திரண்டு பெண்கள். ஆளுக்கொரு ஸ்டூல்.

கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது போட்டவை அவை. இருக்கின்றனவா என்று பார்க்க அதிகாரிகள் வருவார்கள்.

மதியம் மூன்று மணி. கூட்டமில்லை. ஒன்பதிலிருந்து நின்றதில் தங்கபுஷ்பத்தின் கெண்டைக்கால் நரம்புகள் கயிறுபோல் புடைத்திருந்தன. உட்கார்ந்தாள்.

ஜிப்பி தலையைத் தாழ்த்தியது. பின்பக்கமாகச் சுற்றி வந்தது.

எழுந்துவிட்டாள். வாலை ஆட்டிவிட்டு அது அடுத்த ஸ்டூலுக்குப் போயிற்று. அங்கே தீபிகா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"நல்ல வேலதான் வாங்கிக் குடுத்தீங்கக்கா."

முதலாளி ஸ்டூல்களை எடுக்கவில்லை. உட்காரக் கூடாது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.