ஆடிக் காட்டு

"எவன்கிட்ட வாங்கித் தின்னுட்டுலே இப்படிப் பேசினே?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார் மாரிக்கண்ணன். தென்காசியில் ஸ்போர்ட்ஸ் கடை வைத்திருப்பவர். சங்கரன்கோவில்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பு வேறு.

ஷாஜித் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்கார வரல."

உட்கார்ந்துகொண்டேதான் அதையும் சொன்னார்.

பக்கத்து ஷெட்டில் தறிச் சத்தம். அதையும் மீறி இந்தச் சத்தம் கேட்டு ஷாஜித்தின் அம்மா மெஹர்பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, யாரு நீங்க?"

"உங்க மகன் யூடியூப்ல ஃபுட்பால் பூட்ஸைப் போட்டுப் பாத்து நல்லது கெட்டது சொல்லுதான்லா? இவன் வாயைப் பாத்துத்தான் எங்க பக்கத்துப் பயலுவ பூட்ஸே வாங்குதானுவ. அதை நம்பிப் புது மாடல் லெதர் பூட்ஸ் கடை நிறைய இறக்கிட்டேன். எப்பவும் போல ஒரு ஜோடி இவனுக்கும் பஸ்ஸுல போட்டுவிட்டேன். என்ன பேசியிருக்கான்னு நீங்களே கேளுங்க."

போனை நீட்டினார். அதில் ஷாஜித், உம்மென்ற முகத்தோடு.

'காலை விட்டா விரல் நசுங்குது. பந்து பட்டா செங்கல்லு பட்ட மாதிரி இருக்கு. ஓடினா வழுக்குது. வாங்காதீங்க.'

"கம்ஃபர்ட் இல்ல, டச் இல்ல, கிரிப்பும் இல்ல. பிறகு அது பூட்ஸா, அம்மிக்கல்லா? ஆர்டர் குடுத்த டீம் அத்தனையும் வேண்டாம்னுட்டானுவ. சரக்கை நான் என் தலையிலயா சுமக்க?"

மெஹர்பானு மகன் பக்கம் திரும்பினாள். "அடுத்தவன் பொழைப்புல மண்ணைப் போடுததுக்காலே உன்னைப் பெத்தேன்? ஹராம்லா அது."

அதே மூச்சில் மாரிக்கண்ணனிடம் சொன்னாள்.

"தங்கச்சி அப்ரீன் பானு கல்யாணம் முடிஞ்சதுல இருந்து இப்படித்தான் அண்ணாச்சி. சோறு இறங்கல, பேச்சு இல்ல. ஊர்ல வேற எவனும் தங்கச்சியைக் கட்டிக் குடுக்கலையாக்கும். இவன் காலுல அல்லாஹ் அப்படி ஒரு திறமையக் குடுத்திருக்கான். கடையநல்லூர்ச் சம்பந்தி வீட்டுலகூட இவன் வீடியோவைக் காட்டித்தான் பெருமையடிச்சேன்."

"பொண்ணைக் காட்டலையாக்கும்?"

"அவளைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? தோசை சுட்டாலே கருக்கிருவா. காலடிச் சத்தம் வெளிய கேக்காம நடன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அது ஒண்ணுதான் படிஞ்சுது."

மாரிக்கண்ணனுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை.

"ஏலே, பழைய வீடியோவுல எல்லாம் முழங்காலுக்குக் கீழ டிராக் பேன்ட்டும் பூட்ஸும்தான் தெரியும். ஆனா பந்து காலை விட்டு நகராது. நானே வாயைப் பொளந்து பாத்திருக்கேன். இந்தத் தடவை மூஞ்சியக் காட்டிப் பேச்சு மட்டும். ஏன் ஆடல?"

"போட்டுப் பாத்துட்டுத்தான் சொன்னேன் அண்ணாச்சி."

"அப்ப எம்முன்னால போடு. ஆடிக் காட்டு."

"வேண்டாம். வாங்கித் தின்னேன்னே வச்சுக்கோங்க."

"கேட்டீங்களா, இவனே ஒத்துக்கிடுதான்."

மெஹர்பானுவுக்கு அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது. "என் மகன் அப்படி வாங்க மாட்டான். போட்டு ஆடுலே. இல்லன்னா இனி என்னை உம்மான்னு கூப்பிடாத."

ஷாஜித் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு பூட்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். நாலு பக்கமும் ஆளுயரச் சுவர் வைத்த காலி மனை. வீடியோ எல்லாம் அங்கேதான் எடுப்பது.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் காலைத் திணித்தான். விரல்கள் போயின. குதிகால் போகவில்லை. பின்பக்கத் தோலை மிதித்து மடக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து பந்தை உதைத்தான்.

பந்து கோழிக்கூண்டில் முட்டியது. கோழிகள் கத்தின.

இன்னொரு தடவை ஓடி வந்தான். வழுக்கி விழுந்தான்.

மாரிக்கண்ணன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். குனிந்து அந்தப் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆறாம் நம்பர்லா. எப்பவும் ஆறுதான வேணும்னு மெசேஜ் போடுவே? உன் காலு பத்து இருக்கும் போலிருக்கே."

ஷாஜித் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இனிமே அனுப்பாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"ஏன்னு கேப்பீங்க அண்ணாச்சி. இப்படிப் பேசிட்டா, வையிவீங்க. அதோட விட்டுருவீங்க. உங்களுக்கு இம்புட்டு நட்டமாகும்னு நினைக்கல. நல்ல பூட்ஸுதான்னு இன்னைக்கே சொல்லிப் போட்டுருதேன்."

மெஹர்பானு முன்னால் வந்தாள்.

"எல்லா வீடியோவும் பாத்தவ நான். அதுல ஆடின காலு யாருதுலே?"

ஷாஜித் பூட்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"அதைத்தான் உம்மா, போன மாசம் கடையநல்லூருக்குக் கட்டிக் குடுத்தீங்க."