எஞ்சினியர் பிடித்த ஒரே பிழை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். வெள்ளவத்தையில் எவனைக் கேட்டாலும் நான் அளந்து விடுகிற ஆள் என்பான். இதை மட்டும் அளக்கவில்லை.

அங்கே துணிக்கடை வைத்திருக்கிற ஷிப்லி, ஹெந்தளையில் வீடு கட்டினான். கட்டிக் கொடுத்தவர் முகத்துவாரத்துச் சின்னராசா. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகக் கொழும்பில் மேசன் பாஸ், தலைமைக் கொத்தனார். கொட்டாஞ்சேனையிலிருந்து வத்தளை வரைக்கும் அவர் கை படாத ஒழுங்கை இல்லை.

வீடு பாதி எழும்பியபோது, பக்கத்துக் கடை ராசிக் ஷிப்லியின் காதைக் கடித்தான். பாஸ்மாரை நம்பிக் கட்டியவனெல்லாம் மழைக்கு வாளி வைத்துக்கொண்டு படுக்கிறானாம். வெளியாள் ஒருத்தரை, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு எஞ்சினியரைப் பிடித்து, வேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் சுமன். சுவர் சுவராகச் சுத்தியலால் தட்டினார். தட்டிய தட்டில் ஹெந்தளைக் காகமெல்லாம் நீர்கொழும்புக்குக் குடிபெயர்ந்தன. மட்டம் வைத்தார், தூணை அளந்தார், கூரையில் ஏறிக் குந்தியிருந்தார். மூன்றாம் நாள் காகிதம் வந்தது. அத்திவாரம் சரி. தூண் சரி. கொங்கிரீட் சரி.

ஷிப்லிக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஆள் பிடித்தவனுக்கு ஒரு களவாவது அகப்பட வேண்டாமா?

கடைசிப் பக்கத்தில் அகப்பட்டது. குளியலறையில் கக்கூஸ் கொமட் வைக்கிற இடம் பிளானில் உள்ளபடி இல்லை. ஒரு பக்கமாகத் திருப்பியிருந்தது.

ஆறு வேலையாள் பார்த்து நிற்க, ஷிப்லி பாஸைக் கூப்பிட்டான்.

"பிளான்ல இல்லாத வேலை. ஏன் செய்தனீங்கள்?" என்று சுமன் கேட்டார்.

சின்னராசா ஷிப்லியைப் பார்த்தார். "மொதலாளி, கொஞ்சம் அங்கிட்டு வாங்க. தனியா சொல்றேன்."

"தனியா என்னத்துக்கு? எஞ்சினியருக்கு முன்னுக்குச் சொல்லுங்க."

"இல்லைங்க, இது இப்படியே இருக்கட்டும்" என்றார் பாஸ். மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

பிழையை மறைக்கப் பார்க்கிறார் என்று ஷிப்லி முடிவு கட்டிவிட்டான். அன்றைக்கே ஆளை நிறுத்தினான். அதோடு விட்டானா? ஹெந்தளையில் வீடு கட்டுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாஸின் படத்தையும் பெயரையும் அதில் போட்டு, 'பிளானை மீறுகிறவர், கவனம்' என்று எழுதினான்.

சின்னராசா அடுத்து ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வீடும் கைநழுவின. முப்பது வருஷம் பாஸாக இருந்தவர், இன்னொரு பாஸுக்குச் சீமெந்து குழைக்கப் போனார்.

மிச்ச வேலையை முடிக்க வந்த பாஸ், கொமட்டைப் பிளான்படி திருப்ப நிலத்தை உடைக்க வேண்டும் என்றார். ஷிப்லி அதை அப்படியே விட்டுவிட்டான்.

குடிபுகுந்த அன்று சின்னராசாவும் வந்திருந்தார். கூப்பிட்டது ஷிப்லியின் மனைவி பஸீஹா. கல் வைத்த மனுஷன் ஒரு பிடி சோறு தின்னாத வீட்டில் தான் எப்படிச் சமைக்கிறது என்று பிடிவாதம் பிடித்து வரவழைத்திருந்தாள். மனுஷன் தோய்த்து மடித்த சேர்ட்டோடு கடைசிக் கதிரையில் இருந்தார்.

பஸீஹாவின் வாப்பா, ஹாஜியார், வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துக் கடைசியாகக் குளியலறையிலிருந்து வந்தார். முகம் கொள்ளாத சிரிப்பு.

"மருமகன், பிளானைப் பார்த்த நாள்ல இருந்து எனக்கு நெஞ்சுக்குள்ள முள்ளு. கொமட்டைச் சரியா கிப்லாவப் பார்த்து வரைஞ்சிருந்தான். தொழுற திசையைப் பார்த்துக்கொண்டு அங்க இருக்கலாமா? சொன்னா மனம் கோணுவீங்கன்னு பேசாம இருந்தன். ஆரு கண்டு திருப்பினது?"

ஷிப்லிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிளானில் கையெழுத்து வைத்தவன் அவன். 'உங்க மார்க்கத்து விஷயம் உங்களுக்கே தெரியலையே' என்று ஆறு பேர் முன்னால் சொல்ல நாக்கு வராமல்தான், முஸ்லிம் வீடுகள் பல கட்டிப் பழகிய பாஸ் அன்றைக்குத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்.

வந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"நான்தான் மாமா" என்றான் ஷிப்லி. பஸீஹா நிலத்தைப் பார்த்தாள்.

ஹாஜியார் சந்தோஷத்தில் கடைசிக் கதிரைப் பக்கம் திரும்பினார். "அப்படியா பாஸ்?"

சின்னராசா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். ஒரு வார்த்தை போதும், போன பெயர் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க ஹாஜியார். மொதலாளிதான் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு."

கையைக் கழுவினார். பஸீஹாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அந்த வரி இன்னும் குழுவில் கிடக்கிறது. அழிக்கலாம் என்று ஷிப்லி ஃபோனைத் திறப்பான். ஏன் அழித்தாய் என்று ஒருத்தன் கேட்டால் என்ன சொல்வது என்று மூடிவிடுவான். ஆறு மாசமாக இதுதான் நடக்கிறது.

ஆகவே, தெரிந்தவர் யாராவது வீடு கட்டினால் சின்னராசா பாஸின் பெயரைச் சொல்லுங்கள், நன்றாக உரத்தே சொல்லுங்கள். இந்தக் கதையை எனக்கு யார் சொன்னது என்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விடாதீர்கள். பாஸ் இதுவரை வாயைத் திறக்கவில்லை. என் முன்னால் இருந்து அழுதுவிட்டு, "அந்த மனுஷனுக்கு நாலு வீடு பிடிச்சுக் குடுங்க, எண்ட பேர் மட்டும் வெளியில வர வேணாம்" என்று கேட்டது ஷிப்லிதான்.